கூப்பிட்ட பெயர்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, சார். குரும்பலூரில் டீக்கடை வைத்திருந்தவன் நான், டீ விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களையெல்லாம் தபால்காரர் என் கடையில்தான் போட்டுவிட்டுப் போவார். 1980-ல் உத்திராபதிக்கு சிமென்ட் ஆலை இன்டர்வியூ கார்டு வந்தது. அவன் என்னோடு படித்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவன் பாஸ், நான் கணக்கில் பெயில். அவன் மனைவி சிந்தாமணி அவன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், 'எங்க வூட்டுக்காரவங்க' என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கார்டை அவனிடம் கொடுக்கவில்லை. நகலில் ஆபீசர் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்கினேன். அதில் போட்டோ கிடையாது. அங்க அடையாளம்: கழுத்தில் இடப்பக்கம் மச்சம். துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைப் பாலை என் கழுத்தில் வைத்தேன். கொப்பளித்து ஆறி, கறுப்பாக நின்றது. அவன் பெயரில் இன்டர்வியூவுக்குப் போய் வேலை கிடைத்ததும் புத்தகத்தை மடிப்பு விழாமல் திருப்பிக் கொடுத்தேன்.

கடையை மூடிவிட்டு அரியலூரில் ரூம் எடுத்தேன். மூட்டை தூக்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவைத்தேன். ஊர்க்காரர்கள் முன்னால் மட்டும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வேன். ஆலையில் தினமும் ஷிப்டுக்கு முன்னால் பெயர் கூப்பிடுவார்கள். உத்திராபதி என்பார்கள். வந்துட்டேன் சார் என்பேன். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

மூன்று வருஷம் கழித்து, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிவைப் புதுப்பிக்கப் போன உத்திராபதி நேரே என் ரூமுக்கு வந்தான்.

"முத்துசாமி, எவனோ எம்பேர்ல வேலை பாக்குறாண்டா. என்ன பண்றதுன்னே தெரியல."

"மொதல்ல பதறாத. ஹெட்மாஸ்டர்கிட்ட லெட்டர் வாங்கு. ஆலைக்கு ரிஜிஸ்டர் தபால்ல மனு போடு. ஸ்டேஷன்ல புகார் குடுத்து ரசீது வாங்கிக்க. மச்சம் இருக்குல்ல, அதை எவனும் திருட முடியாது."

எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான். நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, சார்.

"வேற யாருகிட்ட சொன்ன?"

"மொதல்ல ஒங்கிட்டதான் வந்தேன்."

ஆளைக் காட்டுகிறேன் என்று பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குக் கூட்டிப்போனேன். மழைத் தண்ணீர் நிறையக் கிடந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது பள்ளிக்கூட நாளிலேயே எனக்குத் தெரியும். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு தள்ளினேன். அதிக நேரம் ஆகவில்லை.

மூன்றாம் நாள் மிதந்தான். சிந்தாமணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்ததும் நான்தான். துணியை விலக்கினார்கள். கட்டிய நாளாய்ச் சொல்லாத பெயரைச் சொல்லிக் கதறினாள்.

வந்துட்டேன் சார் என்றேன். வாய்ப் பழக்கம்.

அங்கே நின்ற உங்கள் ஏட்டையா, துண்டு நழுவிய என் கழுத்தைப் பார்த்தார். பிறகு அவன் கழுத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்குப் பதில் சொன்னது நான்தானே, சார். அவன் சொல்லவில்லையே.