லாரி டியூப்பில் ஒரு படகு

யுத்தம் முடிந்த மறுவருஷம், மயிலாப்பூரிலிருந்து கிளம்பிய டிராமில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் தையற்காரர், கழுத்தில் அளவு டேப். மற்றவர் மடியில் காற்றிறங்கிய பட்டாள லாரி டியூப்பும் கித்தானும் சுருண்டு கிடந்தன.

"படகுக்கு ஒரு சட்டை தெக்கணும், பாய்."

"இதுலயா ஆத்துல போவப் போறே?"

"நானே வூட்ல ஒட்டினேன். பம்பு அடிச்சா கும்முனு நிக்கிது. சொலூஷன் நாத்தம் தாங்கலைனு சம்சாரம் கோச்சிக்கினு அடையாத்துக்கு அக்கரைல அப்பன் வூட்டுக்குப் பூட்டா. இதுலயே போயி இட்டாரணும்."

"எத்தினி பேரு குந்தலாம்?"

"ஒருத்தன்."

"அப்ப அவங்க எதுல வருவாங்க, நைனா?"

டிராம் மணியடித்து வளைந்தது. மாலை வெயில் பலகை பலகையாக உள்ளே வந்து, இருவர் முகத்தையும் தடவிக்கொண்டு போனது.

"இன்னொரு டியூப் கீது. ரெண்டு பேருக்கா தெச்சிடு, பாய்."

"ஆளைப் பாக்காம நான் கத்திரி வெக்க மாட்டேன். ரெண்டு பேரும் கித்தான் மேல குந்துங்க, சுத்திக் கோடு போட்டுக்கறேன். மொதல்ல அவங்களை இட்டா."

"எப்பிடி?"

"ஆத்து மேல பாலம் கீதே, நைனா!"

டியூப்காரர் சிரிக்கவில்லை. சுருளைத் தையற்காரர் மடியில் வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தெற்கே அடையாற்றுப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினார்.