வாத்தியார் மாத்திரை

முட்டை அவிக்கக்கூடத் தெரியாத மனுஷன் என்று என் மனைவி சண்முகத்தாய் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லுவாள். அது உண்மையில்லை, இன்ஸ்பெக்டர் அய்யா. தூத்துக்குடியில் என் அளவுக்கு முட்டையை வெந்நீரில் வைத்து எடுத்தவன் ஒருவனும் இருக்கமாட்டான். இரண்டு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம். புதுசாகக் கிடைக்குமென்று ஏரல் சந்தை வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்திருக்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருஷமாக டெமான்ஸ்ட்ரேட்டர். நான் தேடியது ஒரே ஒரு மருந்து. கடல்பாம்பு விஷத்தில் ஒரு நொதி இருக்கிறது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அந்தச் சவ்வின் கொழுப்பை அந்த நொதி வெட்டிப்போடும். தசை உடைந்து கரையும். முட்டை மஞ்சள் கருவிலும் அதே இனத்துக் கொழுப்புதான். விஷம் கலந்த மஞ்சள் கருவை எவ்வளவு நேரம் வெந்நீரில் வைத்தாலும் உறையாமல் ஓடும். நொதியைக் கட்டிப்போடும் மருந்தைச் சேர்த்தால் உறைந்துவிடும். எத்தனையோ மருந்தைப் பார்த்துச் சலித்து, கடைசியில் ஒரு பழைய மலேரியா மாத்திரையில் அது உறைந்தது. அன்றைக்கு ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பாம்பு கொண்டுவந்து கொடுத்தவன் சிலுவை. கரைவலை இழுக்கிற ஆள். வலையில் வரும் பாம்பை மற்றவர்கள் வாலைப் பிடித்துக் கடலில் வீசுவார்கள். இவன் எனக்காக டால்டா டின்னில் போட்டுக் கொண்டுவருவான். அவன் சொல்லித்தான் கடி வாங்கியவர்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேரும் பிழைத்தார்கள். அந்த மாத்திரை தின்றால் தோல் கொஞ்ச நாள் மஞ்சளாக இருக்கும். "நல்லாருக்கே வாத்தியாரே, என்னைய மஞ்ச பூசின பொண்ணு மாதிரி ஆக்கிப்புட்டீயளே" என்று கேலி பண்ணுவார்கள். ஊரில் அதற்கு வாத்தியார் மாத்திரை என்றே பெயர் விழுந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

போன ஜூனில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தேன். கடல்பாம்பு பத்துப் பேரைக் கடித்தால் இரண்டு பேருக்குத்தான் விஷம் இறங்குமாம். மற்றவர்களுக்கு வெறும் பல் தடம்தான். அந்தப் பதினொரு பேருக்கும் நான் பச்சைத் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்களோ என்னவோ. யாரிடம் போய்க் கேட்பது? சோறு இறங்கவில்லை. என் இடத்தில் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளத்தான் நினைப்பார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குச் சிலுவை என் வீட்டுக்கு வந்தான். விடியற்காலையில் வலை இழுக்கும்போது கணுக்காலில் கடித்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாக்கு குழறவில்லை, கழுத்து விறைக்கவில்லை, சைக்கிளில்தான் வந்திருந்தான். விஷம் இறங்கவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் செய்யல வாத்தியாரே. அவதான் போயிட்டு வாங்கன்னு வெரட்டுதா" என்றான்.

திடமான ஆள். சாராயம் தொடமாட்டான். காலில் எல்லோரும் பார்த்த பல் தடம் இருக்கிறது. இப்படி ஒருவன் மறுபடி எப்போது கிடைப்பான்? முதலில் மாத்திரை கொடுத்தேன். அரை மணி நேரம் பொறுத்தேன். அதற்குப் பிறகுதான் ஊசி போட்டேன். அவனே கொண்டுவந்த பாம்புகளில் எடுத்து, உலர்த்தி, அளந்து வைத்திருந்த விஷம் அது. "ஏலே, இது சத்து ஊசி" என்றேன். சட்டைக் கையை அவனே சுருட்டிவிட்டான். மாத்திரை முந்தி, ஊசி பிந்தி என்ற வரிசையை நான் மாற்றவில்லை. அவனுக்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

அவன் கூடவே அவன் வீட்டுக்கும் போனேன். அவன் மனைவி பிலோமினா குசினியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இலை போட்டாள், சாப்பிட்டேன். தசை உடைந்தால் மூத்திரம் காப்பி டிக்காஷன் நிறத்தில் கறுக்கும். அதனால் அவன் மூத்திரத்தை ஒரு பாட்டிலில் பிடித்துவைக்கச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி எடுத்து வந்தாள்.

இரண்டு மணிக்கு அவன் கண்ணிமை தொங்கியது. அப்புறம் பேச்சு நின்றது. விஷத்தில் இன்னொரு சரக்கும் உண்டு, அய்யா. அது தசையைத் தொடாது. நரம்பு சொல்வது தசைக்கு எட்டாமல் செய்து மூச்சை நிறுத்தும். என் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது எனக்கு முன்பே தெரியும்.

"வாத்தியாரே, கண்ணு தொறக்க மாட்டேங்காவளே. டாக்சி புடிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவமா?" என்று பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை வேலை செய்யுது, ஏளா. கொஞ்சம் பொறு."

ஆஸ்பத்திரியில் மூச்சு விடவைக்கும் மெஷின் இருக்கிறது. பிழைத்தும் இருப்பான். ஆனால் அவர்கள் மருந்தும் என் மருந்தும் கலந்துபோனால் எது செய்த வேலை என்று யாருக்குத் தெரியும்? அவள் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் பொறு என்றேன். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சிலுவை போய்விட்டான்.

பாம்புக் கடி என்று எழுதி அடக்கம் பண்ணினார்கள். யாருக்கும் சந்தேகமில்லை. நானாக வந்திராவிட்டால் நீங்களும் என்னைத் தேடியிருக்கமாட்டீர்கள். டீக்கடைக்காரன் பிச்சையா மட்டும், "வாத்தியார் பாச்சா பலிக்கலியே, மாத்திரை வெறும் சீனி முட்டாயிதான் போல" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரித்தான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பிலோமினா என் வீட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள் அந்தப் பாட்டில். "நீங்க கேட்டீயளே வாத்தியாரே, அவுக சாகுறதுக்குக் கொஞ்சம் முந்திப் புடிச்சது" என்றாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மாத்திரையின் மஞ்சள் நிறம்தான்; கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. வந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று திரும்பிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "நீங்க என்ன செய்வீய, பாவம். ஒங்க மருந்த விஷம் மிஞ்சிருச்சு."

மிஞ்சவில்லை என்று அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மாத்திரை கேட்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அய்யா.