எதிர்வெயிலில் துணி பிடித்தவள்

சாயங்காலம் நாலே முக்கால். நேர் ரோடு. இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது... ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். கையில் காலிச் சாப்பாட்டு டப்பா. உள்ளே ஸ்பூன் கிலுங் கிலுங்கென்று ஆடுகிறது. எதிரில் லாரி. டிரைவரின் கண்ணுக்கு நேரே சூரியன்.

"ஆள்னே தெரியல சார். ஏதோ நிழல்னு நெனச்சேன்." அப்புறம் டிரைவர் சொன்னது அவ்வளவுதான்.

இன்னும் பேய் வரவில்லை. அதற்குள் ஏன் என் கையைக் கிள்ளுகிறாய்? விளக்கு எரியட்டும். கதவோரம் இருக்கிறவள் உள்ளே தள்ளி உட்கார்.

இது எனக்கு நடந்ததில்லை. என்கூடப் படித்த தோழியின் வீட்டில் நடந்தது. லாரியில் அடிபட்டது அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் அவர்கள் வீட்டிலேயே இருந்தவள். தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா அடிக்கும் வேலை. கிட்டே வந்தாலே மிஷின் எண்ணெய் வாசனை.

தோழியின் அக்காவுக்கு ஸ்டுடியோவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கேமராவை வீட்டுக்குக் கொண்டுவருவாள். மேற்கு ஜன்னலின் திரையைக் கழற்றிவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி ஒவ்வொருவராக உட்கார வைப்பாள். முடியோரம் எல்லாம் பொன்னாக மின்னும். ஆனால் முகம் கருத்துவிடும். அதற்காக எதிரில் ஒருவர் வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடிக்க வேண்டும். வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். கருவிழியில் அந்தத் துணி குட்டிச் சதுரமாகத் தெரியும்.

துணி பிடிப்பது எப்போதும் அத்தைதான்.

"இன்னும் மேல அத்தை. உங்க தலை தெரியுது."

"அவளை என்ன கொடிக்கம்பம்னு நெனச்சியா?" என்பார் அப்பா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"விடுண்ணா. துணிதானே. துவைக்கச் சொன்னாத்தான் கஷ்டம்."

எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு படம் விழும்.

கடைசி ஞாயிறு அத்தை போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாளாம். "என்னை ஒண்ணு எடேன். தலைகூட வாரிட்டேன்."

அக்கா கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டாள். "வெளிச்சம் போயிருச்சு அத்தை. அடுத்த வாரம்."

வெளிச்சம் போகவில்லை. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. துணி பிடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை, அதுதான் விஷயம்.

வியாழக்கிழமை லாரி.

சுவரில் மாட்டப் படம் வேண்டுமே... ஆயிரத்துச் சொச்சம் படங்களைத் துழாவினார்கள். அத்தை ஒன்றில்கூட இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் இரண்டு விரல் இருந்தது, அவ்வளவுதான். கம்பெனி அட்டையில் இருந்த படம் பர்ஸுக்குள் தேய்ந்து தேய்ந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. சுவரில் ஆணி மட்டும் அடித்தார்கள். வந்தவர்கள் கேட்டால், "பெரிசு பண்ணக் குடுத்திருக்கோம்" என்றார் அப்பா. மூன்று மாதம் அதையே சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாராம்.

அப்புறம் ஒரு ஞாயிறு, அக்கா அம்மாவை ஜன்னலில் உட்கார வைத்தாள். துணி இல்லை. முகம் இருட்டாகத்தான் விழும் என்று தெரிந்தே எடுத்தாள்.

அக்காவுக்குப் பின்னால், படக்... போர்வையை உதறும் சத்தம்.

திரும்பினாள். யாரும் இல்லை. கேமராவிலேயே படத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகம் பளிச்சென்று இருந்தது.

கருவிழியைப் பெரிசாக்கினாள். வெள்ளைச் சதுரம். அதன் கீழே... இரண்டு பாதம்.

அடுத்த வாரம் துணியின் மேல் விளிம்பில் விரல்கள். அதற்கடுத்த வாரம் நெற்றி. வாரா வாரம் துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

அக்கா பயப்படவில்லையா என்று நானும் தோழியைக் கேட்டேன். பயந்தாளாம். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிசாக இருந்ததாம். கேட்டபோது கொடுக்காத படத்தை அத்தையே வந்து கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மிஷின் எண்ணெய் வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மழையில் ஊறிய சுவரின் வாசனைதான் வந்தது.

கடைசியாக அப்பாவை உட்கார வைத்தாள். "கண்ணைக் கொட்டாதீங்கப்பா."

படக்.

அவருடைய வலது கண்ணில் துணி கழுத்துவரை இறங்கியிருந்தது. கடுகளவு முகம். அக்கா அதை மட்டும் வெட்டி, ஸ்டுடியோவில் ராத்திரி பகலாக உட்கார்ந்து துலக்கி, பெரிசாக்கி, சட்டம் போட்டு எடுத்து வந்தாள். ஆணியில் மாட்டினார்கள்.

நான்கு பேரும் எதிரில் நின்றார்கள்.

"அவளா?" என்றாள் அம்மா.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "அவதான்... அவளாத்தான் இருக்கணும்."

அத்தைக்கு மூக்கு இப்படியா, புருவம் சேர்ந்திருக்குமா, கன்னத்தில் மச்சம் உண்டா... இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பத்து நாள் கழித்து, கம்பெனியில் அத்தையோடு வேலை பார்த்த, சாவின்போது ஊரில் இல்லாத ஓர் அம்மாள் துக்கம் விசாரிக்க வந்தாள். படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"யாரும்மா இது?"

"அத்தைதான்..."

"பதினோரு வருஷம் அவளுக்கு எதிர் மிஷின்ல உக்காந்தவ நான். இது அவ இல்ல."

கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கூடப் பிறந்தவளின் முகம் தெரியாமல் யாரையோ மாட்டிவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

போன வாரம் தோழி வந்திருந்தாள். அப்பா இப்போதெல்லாம் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் படத்தின் முன் நின்று, "என்னை மன்னிச்சிரும்மா" என்கிறாராம். ஒருநாள், "பரவால்லண்ணா" என்று பதில் வந்ததாம். அடுக்களையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கிறது.

"உங்க அத்தை குரல்தானா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது.

"தெரியலடி."