கெண்டைக்காலும் பூட்டிய கதவும்

காலை ஏழு மணிக்கே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக வீற்றிருந்து இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் நமது நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர், மாண்புமிகு மனம் படைத்த அரங்கசாமி அவர்களே! அவருக்கு வலப்புறமும் இடப்புறமும் அமர்ந்து, நான் மைக்கைப் பிடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயற்குழுப் பெரியோர்களே! எழுபத்தொரு வயதான எனக்கும் மூத்தவர்களாக இந்தக் கூட்டத்தில் நால்வர் இருக்கிறீர்கள். அந்த நால்வரின் எட்டுக் கால்களுக்கும் என் முதல் வணக்கம்! விடியுமுன் வாசல் தெளித்து, வீட்டில் யாருடைய தூக்கமும் கலையாமல் கதவைச் சாத்திவிட்டு, இந்த மைதானத்துக்கு விரைந்து வருகிற என் தாய்மார்களே, தங்கச்சிமார்களே! உடற்பயிற்சி என்று கழுதைப் பாரத்தைத் தூக்கிக் கைகளைப் பெருக்குகிற தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சாந்தாமணியின் காலை வணக்கம்!

என்னை ஏன் பேச அழைத்தார்கள்? அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அழைப்பிதழில் என் பெயர் இல்லை. எலும்பு மருத்துவர் ஒருவர் பேசுவதாக இருந்தது. அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. நேற்று மாலை ஐந்தரை மணிக்குத் தலைவர் எனக்குப் போன் போட்டார். "ஏனுங்க்கா, கால் பிடிப்புக்கு அந்தக் காலத்து எண்ணெய், கஷாயம்னு ஏதாச்சும் பத்து நிமிசம் பேசிப்போடுங்க" என்றார். பேசிவிடுகிறேன், தலைவரே. ஆனால் நான் எண்ணெய் கொண்டுவரவில்லை. கஷாயமும் கொண்டுவரவில்லை. நடந்ததைக் கொண்டுவந்திருக்கிறேன்!

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நின்றது முப்பத்தோராண்டு! ஆம், நூற்பாலையில் நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி ஒட்டவைத்த கால்கள் இவை. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்தேனா? இல்லை. இந்த மைதானத்தைத் தினம் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுகிறேன். மழை வந்தாலும் சுற்றுகிறேன். மருமகள் முறைத்தாலும் சுற்றுகிறேன். அப்படிப்பட்ட கால்களுக்கு என்ன நேர்ந்தது?

இந்த ஆண்டு குடியரசு நாள். இதே மைதானம். மூத்தோர் நடைப்போட்டி, ஐந்து கிலோமீட்டர். கடைசிச் சுற்றில் நான் முதலாவதாக வருகிறேன்! எனக்குப் பின்னால் வந்த அம்மணிக்கும் எனக்கும் நடுவே ஒரு பேருந்தே நிற்கலாம். பேத்தி அக்ஷிதா கோட்டருகே நின்று, "அம்மாயி, உடாதீங்க! உடாதீங்க!" என்று கத்துகிறாள். இன்னும் அறுபது மீட்டர். அப்போது பிடித்தது பாருங்கள், வலது கெண்டைக்காலில்! சிலர் குரக்களி என்பார்கள், சிலர் சதை பிடிப்பு என்பார்கள். சதை கல்லாகிறது, கல் முறுக்குகிறது, முறுக்கிய முறுக்கில் பாதம் கீழ்நோக்கிக் கோணிக்கொள்கிறது. நான் விழுந்தேன். விழுந்து அலறினேன். என் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். யார் யார் தாண்டினார்கள் என்று வரிசை மாறாமல் இப்போதும் சொல்வேன். வேண்டாம், இது மகிழ்ச்சியான விழா!

முதலில் ஓடிவந்தவர் யார்? நமது தலைவர்தான். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் வந்தவர் என்ன செய்தார்? என் கை கால் இழுத்துக்கொண்டதைப் பார்த்து, வலிப்பு வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தை உருவி, என் உள்ளங்கையில் திணித்து, "இரும்பு, இரும்பு! இறுக்கிப் பிடிங்க்கா! உட்றாதீங்க!" என்கிறார். சிரிக்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள், பாவம்! நம் பக்கத்தில் வலிப்பென்றால் இரும்பைத் தேடுகிற பழக்கம் இன்றும் இருக்கிறது. வலிப்புக்கே இரும்பு மருந்தில்லை. கெண்டைக்காலுக்கு அது என்ன செய்யும்? காலில் வலி, கையில் சாவி! நான் பிடித்தேன், கால் விட்டதா? விடவில்லை.

விட வைத்தவள், இதோ முன்வரிசையில் புன்னகையோடு அமர்ந்திருக்கும் விமலாராணி. முப்பது ஆண்டு செவிலியராக இருந்தவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "தலைவரே, இது வலிப்பில்லீங்க! சாவிய எடுங்க, சட்டுனு நகருங்க, காத்து வரட்டும்" என்றாள். பிறகு அவள் செய்ததை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாளை உங்களில் ஒருவருக்கு இது தேவைப்படும்.

என் முழங்காலை மெல்ல நேராக்கினாள். பாதத்தை இரு கைகளால் பிடித்து, விரல்களை என் முகத்தை நோக்கி நிதானமாகத் தள்ளினாள். வெடுக்கென்று இழுக்கவில்லை. தள்ளிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு, "மூச்ச அடக்காதீங்க்கா, உடுங்க, நல்லா உடுங்க" என்று முப்பது எண்ணினாள். சதை இளகியது. பிறகு மெதுவாகத் தேய்த்துவிட்டாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தனியாக இருக்கும்போது பிடித்தால்? ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுங்கள். எழ முடிந்தால் சுவரில் கை ஊன்றி, பிடித்த காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். அதே சுவரில் தினமும் நடை முடிந்ததும் இதைச் செய்தால், பிடிப்பு வருவதே குறையலாம்.

ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி பிடித்தாலும் போங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில கூட இதைச் செய்யுமாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வாழைப்பழம் தின்ற அந்த நிமிடமே விட்டுவிடும் என்று பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்குகிறார். தம்பி, பழம் நல்லது, தின்னுங்கள். ஆனால் அது வயிற்றைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு வந்து சேரும்வரை நான் தரையில் உருள வேண்டுமா?

சரி, பிடித்தது ஏன்? அதையும் விமலாராணிதான் கேட்டாள்.

"காலைல இருந்து என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து ராத்திரி?"

"ஏழு மணிக்கு அரை டம்ளர் ரசம்."

"பைத்தியமா உங்களுக்கு? அஞ்சு கிலோமீட்டர் நடக்கறதுக்கு அரை டம்ளர் ரசமா?"

மைதானத்தின் மூலையைக் கண்ணால் காட்டினேன். அங்கே பெண்கள் கழிப்பறை. அதன் கதவில் பூட்டு. அது எட்டு மணிக்குத்தான் திறக்கும். நாம் நடப்பது ஐந்திலிருந்து ஏழு! விமலாராணி சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னைக்குத் தண்ணி குடிச்சுட்டு வந்தவங்க கையத் தூக்குங்க." இருபத்திரண்டு பெண்கள் நின்றோம். எத்தனை கைகள் உயர்ந்தன? ஒன்றுகூட இல்லை, தாய்மார்களே, ஒன்றுகூட இல்லை!

ஆண்களுக்கு மதிலோரம் இருக்கிறது. மரத்தடி இருக்கிறது. நமக்கு? நமக்கு நா வறண்ட நடை இருக்கிறது. வியர்வை வழிய வழிய நடக்கிறோம். வழிந்ததைத் திரும்ப வார்க்க வழியில்லை. தண்ணீர்க்குறை ஒன்றே பிடிப்புக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் விமலாராணி மேடையேறிவிடுவாள். தயாராகாத காலைத் திடீரென்று விரட்டினாலும் பிடிக்கும். களைத்த காலைக் கெஞ்சவைத்தாலும் பிடிக்கும். நேற்று நாலு சுற்று நடந்தவர் இன்று பத்து நடந்தாலும் பிடிக்கும். அதனால் முதல் ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள், சுற்றுகளை வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். இவையெல்லாம் நம் கையில் இருக்கின்றன. தண்ணீர் மட்டும் யார் கையில் இருக்கிறது?

கேட்டேன். அந்தக் கதவின் சாவியை வைத்திருக்கிற தலைவரிடம் கேட்காமல் இருப்பேனா? பிப்ரவரி இரண்டாம் தேதி, பூவரச மரத்தடியில். தலைவர் ஊதா பனியன் போட்டிருந்தார், இடது தோளில் தையல் விட்டிருந்தது. "தொறந்து வெச்சா கண்டவனும் உள்ள போயி நாசம் பண்ணிப்போடறானுங்க்கா" என்றார். மார்ச் ஒன்பது, காப்பிக் கடை வாசலில்: "கமிட்டில வெச்சுப்போட்டுச் சொல்றனுங்க." ஏப்ரல் பதினெட்டு, இதே மேடைக்கு அருகில்: "உங்க ஊடு பக்கம்தானுங்களே, ஒரு எட்டு போயிட்டு வந்தா என்னங்க?" ஒரு எட்டா? என் வீடு இங்கிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர், தலைவர் அவர்களே! போய்த் திரும்பினால் அதுவே அன்றைய நடை!

இந்த மைதானத்துக்கு விளக்குப் போட்டவர் அவர். செம்மண் கொட்டியவர் அவர். பெஞ்சு வைத்தவர் அவர். மூன்றுக்கும் நன்றி, மூன்றும் என் மனத்தில் இருக்கின்றன. அந்த மூன்று பதில்களும் அவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன!

அடுத்த மாதம் மாவட்ட மூத்தோர் போட்டி. நம் மைதானத்திலிருந்து ஒன்பது பெண்கள் போகிறோம். அதற்கு முன் முப்பது நாள் நடக்க வேண்டும். உலர்ந்த உடம்போடு நடப்பதா? விழுந்து விழுந்து நடப்பதா? அடக்கி அடக்கி நடப்பதா? இனி முடியாது!

தாய்மார்களே, தங்கச்சிமார்களே! உங்கள் பைகளில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா? எடுங்கள். மூடியைத் திறவுங்கள். தயங்காதீர்கள்! குடம் குடமாகக் குடிக்கச் சொல்லவில்லை; தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லி மருத்துவர் கட்டுப்படுத்தியவர்கள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் குடியுங்கள்! மாதக்கணக்காக மறுத்த தொண்டைக்காகக் குடியுங்கள்! நாளை நடக்கப்போகும் கால்களுக்காகக் குடியுங்கள்! அதோ, வரலட்சுமி குடிக்கிறாள். டெய்சி குடிக்கிறாள். பின்வரிசை முழுவதும் குடிக்கிறது! நானும் இதோ குடிக்கிறேன்.

தலைவர் அவர்களே! விழா முடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. மூன்று பேர் பேச வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும், நாட்டுப்பண் பாட வேண்டும். இங்கே நூற்றுப் பதினெட்டுப் பெண்கள் தண்ணீர் குடித்திருக்கிறோம். மணி இப்போது ஏழு இருபது. கதவு எட்டுக்கா?

என்ன சொல்கிறீர்கள் தலைவரே? மைக் இல்லாமல் சொன்னால் பின்னால் கேட்காது, நானே எடுத்துச் சொல்கிறேன். "ஏனுங்க்கா, மேடையேத்துனவன் மானத்த மேடையிலயே வாங்கறீங்களே! இப்பவே தொறக்கறனுங்க. நாளையிலிருந்து அஞ்சு மணிக்குத் தொறந்திருக்கும்" என்கிறார். கைதட்டுங்கள்! இருங்கள், இன்னும் முடியவில்லை. அஞ்சு மணிக்கு நீங்கள் தூங்கிவிட்டால்? மாற்றுச் சாவி ஒன்று விமலாராணி கையில் இருக்கட்டும். "தர்றனுங்க, தாயே, தர்றனுங்க" என்கிறார். கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணி இருபத்திரண்டு நிமிடம், நூற்றுப் பதினெட்டு சாட்சிகள். மறந்துவிடுவோமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், நான் இருக்கிறேன்!

அதோ, சொன்ன சொல்லோடு இறங்கி நடக்கிறார் நம் தலைவர். அந்த நடைக்கு என் நன்றி! பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி! பாட்டில் திறந்த தாய்மார்களுக்குப் பெரிய நன்றி! இன்னும் பேச ஆசைதான். ஆனால் நானும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டேன், வரிசையில் முதலாவதாக நிற்க வேண்டும். வாரேனுங்க, வணக்கம்!