சட்டைப் பையில ஒரு ஸ்பூன்

கழுவியாச்சுன்னா, யாரு கழுவுனது சிஸ்டர்? நீங்க கூட நின்னு பாத்தீங்களா? இல்ல, கேக்கக் கூடாதா? காலையிலேர்ந்து நாலு பேரு இந்த ரூமுக்குள்ள போய்ட்டு வாயத் தொடச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். வாய் வழியா வயித்துக்குள்ள விட்டுப் பாக்குற அதே குழாய்தானே எனக்கும்? ஓ, ஒவ்வொரு ஆளுக்கு அப்புறமும் மருந்துல ஊறப்போட்டு எடுப்பீங்களா. சரி சரி, நம்பிட்டேன்னே வெச்சுக்கோங்க.

கோவிச்சுக்காதீங்க, என் பொழப்பு அப்படி. பூட்டு ரிப்பேர் பண்றவன் நான். சாவி தொலைஞ்சு போச்சு, கதவத் தெறந்து குடுன்னு வருவாங்க. இது ஒங்க வீடுதான்னு என்ன அத்தாட்சின்னு கேட்டுட்டுதான் கம்பியவே கையில எடுப்பேன்.

இதென்ன, ஸ்ப்ரேயா? தொண்டை மரத்துப் போகவா? அய்யய்ய, என்னா கசப்பு! முழுங்கணுமா? முழுங்கியாச்சு.

எரிச்சல் ஆரம்பிச்சு ஒம்பது மாசம் ஆச்சு. இதோ, மேல் வயித்துல. பசிச்சா எரியும், சாப்பிட்டா உப்பும். இரைப்பையில அழற்சின்னாரு டாக்டரு, மாத்திரை குடுத்தாரு. ஆனா நான் வெளிய ஒரு டீ குடிக்க மாட்டேன் சிஸ்டர். கடைக்கும் வீட்டுச் சாப்பாடுதான். அப்ப எங்கேர்ந்து வந்துச்சு இது? சமைக்கிறது ஒரே கை, என் பொண்டாட்டி கை.

சிரிக்காதீங்க. அந்த நேரம் பாத்துதான் அவ அக்கா வந்து பத்து நாள் தங்குனா. அடுப்படியில ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுவாங்க, நான் போனா கப்சிப். வீடு யாரு பேர்ல இருக்குன்னு வேற ஒரு நாள் அந்த அக்கா கேட்டா. சும்மா கேட்டாளாம்!

அவகிட்டயா? கேக்கலியே, நான் வாயத் தெறந்து ஒண்ணும் கேக்கல. கேட்டா உஷாராயிடுவாளே. சாப்பாட்டுல மட்டுமா, ஸ்பூன்லகூட எதாவது தடவலாம்ல? அதனால எனக்குன்னு ஒரு ஸ்பூன் வெச்சுக்கிட்டேன். எப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கும், அவ கையில கழுவக்கூட குடுக்க மாட்டேன், கைக்குட்டையில தொடச்சுக்குவேன். தட்டு வந்ததும் அதுல அள்ளி மொத வாய் அவளுக்கு நீட்டுவேன். அவ முழுங்கி, கொஞ்ச நேரம் போகட்டும்னு பாத்துட்டு, அப்புறம்தான் அதே ஸ்பூன்ல நான் சாப்பிடுவேன். ஒரு வேளகூட தவறல.

அவளா? மறுப்பே சொல்ல மாட்டா. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவா. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவே ஆகல. என்னா நடிப்புடா சாமின்னு நெனப்பேன். மூணு மாசமா அவளும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஒக்காருறா. ஒண்ணுமில்ல, வாயுங்குறா. வசமா மாட்டுனடின்னு மனசுக்குள்ள சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

இடது பக்கமா ஒருக்களிச்சா? படுத்துட்டேன். என்னது, உள்ளேர்ந்து சதைய ஒரு துளி கிள்ளி எடுப்பீங்களா? எதுக்கு? வெஷம் இருந்தா தெரிஞ்சிடுமா அதுல? கிருமியா? வயித்துக்குள்ள கிருமியா? அவ்ளோ அமிலத்துலயுமா உசுரோட இருக்கும்?

பாதிப் பேருக்கு இந்த எரிச்சலே அதாலதானா. சரி, அது எப்படி உள்ள வரும்?

எச்சில்லயா?

ஒருத்தருக்கு இருந்தா வீட்டுல இன்னொருத்தருக்கும் வருமா? வரலாம்னா, எப்படி, ஒரே ஸ்பூன்லன்னாகூடவா?

பல்லுல கடிச்சுக்கிற அந்த வளையத்த இப்ப வாயில வெக்காதீங்க. ஒரு நிமிஷம் சிஸ்டர், நாக்கு வேற தடிச்சுப் போச்சு, ஒழுங்கா சொல்லிடுறேன். வெளிய மூணாவது நாற்காலியில, பச்சைப் பைய மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தி ஒக்காந்திருப்பா. அவதான். அவளுக்கும் இன்னிக்கே இதப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க டாக்டர்கிட்ட. காரணம் கேட்டா நீங்களே எதாவது சொல்லிக்கோங்க, ஸ்பூனப் பத்தி மட்டும் வேணாம்.

என்னைய மாதிரியே அவளும் வெறும் வயித்தோடதான் இருக்கா, அதுக்குக் கவலைப்படாதீங்க. நான் ஊட்டாம இப்பல்லாம் அவ சாப்பிடுறதே இல்ல. இருவது வருஷம் கழிச்சு இந்த மனுஷனுக்கு என் மேல ஆசை வந்திருக்கு அக்கான்னு போன வாரம் அவ அக்காகிட்ட போன்ல சொல்லிக்கிட்டிருந்தா சிஸ்டர்.