பின் டயர்ல முக்கால் தண்ணி

அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் அப்படியே விடும்மா. தொழில் என்னான்னு அப்புறம் பாத்துக்கலாம். மத்ததை முடிச்சிடு. பேரு பெர்னார்ட், அப்பா பேரு மரியதாஸ், வீடு லிங்கராஜபுரம். ஆங், பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே அடி, இல்லாட்டி அங்க நிறுத்திடுவான்.

இல்ல இல்ல, மறைக்கிறதுக்கு என்னா இருக்குது? உங்கப்பா நாகேஷ் ஆட்டோவுக்கு எத்தனை வருஷமா நான் பஞ்சர் ஒட்டுறேன். நீ ஸ்கூல் பையை மடியில வெச்சுக்கினு, அங்கிள் சீக்கிரம் ஆவட்டும், பெல் அடிச்சிடுவாங்கன்னு அழுவே. இப்ப நீ எனக்கு கம்ப்யூட்டர்ல விசா ஃபார்ம் ரொப்புறே.

எதுக்குப் போறேன்னா... ஜோவிதா வீட்டுக்குத்தான். கனடாவுல நர்ஸா இருக்கிறா இல்ல? லெட்டர் அனுப்பியிருக்கிறா, அந்த பச்சை கவர்ல பாரு. புருஷனுக்கு அடிபட்டு வீட்டுல இருக்கிறாரு, நான் டியூட்டிக்குப் போனா பாத்துக்க ஆள் இல்ல, அப்பா ஆறு மாசம் வந்து இருக்கணும்னு எழுதியிருக்கிறா. நல்லா எழுதியிருக்கிறா.

ஆமா, கவின்தான். நீயும் கேள்விப்பட்டிருப்பே, லிங்கராஜபுரம் முழுக்கப் பேசிச்சே. எலெக்ட்ரானிக் சிட்டில வேலை பாத்த பையன், ஈரோடு பக்கம். கோயில்ல வெச்சு கல்யாணம் பண்ணிக்கோன்னு ஃபாதரை வுட்டுப் பேசச் சொன்னேன், மாட்டேன்னுட்டான். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாங்க. நான் போவல. அன்னிக்கிக் கடையைத் தொறந்து வெச்சுக்கினு லாரி டயர் ஒண்ணைக் கழட்டிக்கினு இருந்தேன்.

ரெண்டு வருஷம் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஜோவிதா ஃபோன் பண்ணுவா. பின்னாடி அவன் நடமாடுறது தெரியும். ஒரு இருமல் இருமுவான், நானும் இருக்கிறேன்னு சொல்ற மாதிரி. இருமல் கேட்டதும் நான், சரிம்மா வெக்கிறேன்னுடுவேன்.

எங்களைப் பேச வெச்சது என்னா தெரியுமா? ஒரு ட்ராக்டரு. சிரிக்காதே, நெசமாத்தான்.

அவங்க இருக்கிற வீடு ஊருக்கு வெளியில. ரோட்டுலேர்ந்து வாசலுக்கு, இங்கேர்ந்து நம்ம பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வரும், அவ்வளவு தூரம். அதுலயும் மேடு. பனி விழுந்தா முட்டி வரைக்கும் நிக்குமாம். அதைத் தள்ளலைன்னா காரு வெளிய வராது, இவ ஆஸ்பத்திரிக்குப் போவ முடியாது. வாடகைக்கு வுட்ட வீட்டு ஓனரு, தோட்டத்துல புல்லு வெட்டுற சின்ன ட்ராக்டர் ஒண்ணை வுட்டுட்டுப் போயிருக்கிறான். நம்ம ஆனேக்கல் வயல்ல ஓடுற ட்ராக்டர்ல கால்வாசிகூட இருக்காது, பொம்மை மாதிரி இருக்கும். முன்னாடி ஒரு இரும்புத் தகடு மாட்டி, அதை வெச்சு பனியைத் தள்ளணும்.

போன அக்டோபர்ல மொத பனி விழுந்த அன்னிக்கி ஃபோன் வருது, அவன் நம்பர்லேர்ந்து. மாமாங்கிறான். ரெண்டு வருஷத்துல மொத தடவை. மாமா, பின் வீலு நின்ன எடத்துலயே சுத்துது, வண்டி மேட்டுல ஏறமாட்டேங்குதுன்னான். கேமராவைத் திருப்புன்னேன். அவ்வளவுதான் வாயில வந்துச்சு.

பாத்தா, புல்லுல ஓட்டுற டயரு. பட்டன், அதான் டயர் மேல இருக்கிற வெட்டு, கொஞ்சம்கூட ஆழமில்ல. அது பனியை எங்க புடிக்கும்? காத்து ஜாஸ்தி வெச்சிருக்கிறே, கம்மி பண்ணுன்னேன். பண்ணான். கொஞ்சம் புடிச்சுது. அடுத்த வாரம் டயருக்கு மாட்டுற சங்கிலி வாங்கினான். மாட்டிட்டுக் காட்டினான், தொளதொளன்னு இருந்துச்சு. நாலடி ஓட்டிட்டு எறங்கி மறுபடி இறுக்குடான்னேன். டா போட்டுட்டேன் பாரு, என்னை அறியாம. அவன் சரி மாமான்னு எறங்கினான். அதுக்கப்புறம், பின்னாடி வெயிட்டு இல்ல, சீட்டுக்குப் பின்னால கனமா ஏதாவது கட்டுன்னேன். எதைக் கட்டுறது மாமா, உங்க பொண்ணைத்தான் கட்டியிருக்கிறேன்னான். ஐயோ, சிரிச்சுட்டேன்மா. கடையில இருந்த ஆளுங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

ஞாயித்துக்கெழம சாயங்காலப் பூசை முடிஞ்சு வந்ததும் ஃபோனைச் சார்ஜ்ல போட்டு வெச்சுடுவேன். அங்க அப்பத்தான் விடிஞ்சிருக்கும். ஜோவிதாவுக்கே பொறாமை. என்கிட்டப் பேச மாட்டேங்கிறே, ட்ராக்டர்கிட்டத்தான் பேசுறேன்னு வம்பு பண்ணுவா.

அடிபட்டதா? டிசம்பர் பதினாலு. அன்னிக்கி குளிரு மைனஸ் இருபத்தியெட்டு. பின் டயர்ல தண்ணி ஊத்தியிருந்துச்சு.

டயர்ல எதுக்குத் தண்ணின்னு உனக்கு எப்படித் தெரியும்? ட்ராக்டர்காரங்களுக்குத்தான் தெரியும். சேத்துல ஓட்டும்போது வீலு சுத்தாம இருக்க, பின் டயர்ல முக்கால்வாசி தண்ணி ரொப்புவாங்க. வண்டி பூமியோட ஒட்டிக்கும். ஆனேக்கல் பக்கம் எத்தனை வண்டிக்கு நானே பண்ணியிருக்கிறேன். ஆனா அங்க வெறும் தண்ணி ஊத்தக் கூடாதாம். உறையாம இருக்கிற மருந்து என்னவோ கலக்கணுமாம். எல்லாம் அப்புறம் தெரிஞ்சுக்கினதுதான். மொதல்ல குளிர் கம்மி, ரெண்டு வாரம் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் ஒரே ராத்திரியில உள்ள கல்லு மாதிரி கட்டிக்கிச்சு. காலையில இவ டியூட்டியில இருக்கிறா, அவ வர்றதுக்குள்ள பாதையைச் சுத்தம் பண்ணணும்னு எடுத்திருக்கிறான். வீலு தூக்கித் தூக்கிப் போட்டு, சங்கிலி கழண்டு, மேட்டுலேர்ந்து அப்படியே சறுக்கி, ஓரத்துப் பள்ளத்துல கவுந்துடுச்சு. அவன் கால் வண்டிக்கு அடியில. ஜோவிதா காரைக் கொண்டாந்து நிறுத்துற வரைக்கும் பனியிலயே கெடந்திருக்கிறான்.

வலது கால். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

அழாதேம்மா. ட்ராக்டரா? அதை வித்துட்டாங்களாம்.

தண்ணி ஊத்தச் சொன்னது யாருன்னா... யூட்யூப்ல பாத்தேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கிறான். ஆமா. அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் ஜோவிதா ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. அழுவுறா, அவனைத் திட்டுறா, மறுபடி அழுவுறா. இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்பா, இவருக்கு எங்க போச்சு புத்தி? நீ டயர்க்காரன், நீயே சொல்லு, யாராவது வெறும் தண்ணியை ஊத்துவாங்களாங்கிறா.

ஊத்தமாட்டாங்கம்மா, விவரம் தெரிஞ்சவன் எவனும் ஊத்தமாட்டான்னேன்.

அப்ப அவன் இருமினான். படுக்கையிலேர்ந்து, மெதுவா. நான், சரிம்மா வெக்கிறேன்னேன்.

வால்வை உச்சிக்குக் கொண்டாந்து நிறுத்துடா, தண்ணி அது வரைக்கும் வந்துச்சுன்னா முக்கால்னு அர்த்தம், அத்தோட நிறுத்திடுன்னு வெரலை வெச்சுக் காட்டினது நான்தான். அவன் ஃபோனைச் செவுத்துல சாச்சு வெச்சுட்டு, ஹோஸைப் புடிச்சுக்கினு, போதுமா மாமா, போதுமா மாமான்னு கேட்டுக்கினே ஊத்தினான்.

என்னாம்மா, நின்னுடுச்சா? அந்தக் கட்டம் ரொப்பாம அடுத்த பக்கம் போவாதாமா?

அப்ப டயர் வேலைன்னே அடி. எத்தனை வருஷம்னு கேக்குதா... முப்பத்தி நாலு.