வியாழக்கிழமை நரி

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், இன்ஸ்பெக்டர். அது என் கிழட்டு நாயின் இடம், அதன் முடி உங்கள் கால்சட்டையை ஒரு வாரத்துக்கு விடாது. ஜன்னலோர நாற்காலி நல்லது. கேக் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சமையற்காரி செய்வது கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும், டீயோடு சாப்பிட்டால் இறங்கிவிடும்.

நீங்கள் கொண்டுவந்த தாளைப் படித்தேன். 'வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து நேர்ந்த விபத்து மரணம்.' என் மைத்துனன் டிக்பியின் சாவுக்கு இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உங்கள் நல்ல மனசு புரிகிறது. உங்கள் மாமா என் அப்பா காலத்தில் எங்கள் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொண்டவர், நீங்களே சின்ன வயசில் வேட்டைக்குப் பின்னால் ஓடி வந்தவர். அதனால்தான் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்தத் தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்ல, போன வியாழக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஆஷ்ஹோல்ட் எஸ்டேட்டில் நவம்பர் மாதத்து வியாழக்கிழமைகள் ஃபெசன்ட் கோழி சுடுவதற்கு, திங்கட்கிழமைகள் நரி வேட்டைக்கு. நூற்றிருபது வருஷமாக இதில் மாற்றமில்லை. கோழியைத் துப்பாக்கியால் சுடலாம். நரியைச் சுடக் கூடாது. நரி சாக வேண்டியது நாய்களின் வாயில், நாற்பது குதிரைகள் பின்னால் வர, ஊதுகொம்பு ஊத, முறையாக. இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிக்பி லண்டன்காரன். அவனுக்குச் சொல்லியும் தெரியவில்லை.

உள்ளே வரும்போது கூடத்தில் படங்களைப் பார்த்திருப்பீர்கள். என் கொள்ளுத்தாத்தா சர் ரோலண்ட், சீட்டாட்டத் தகராறில் ஒரு பாதிரியாரைச் சுட்டுக் கொன்றவர். நல்ல வெளிச்சம் விழும் இடம் அவருடையதுதான். அவருடைய தம்பி ஒரு நரியைச் சுட்டவர். அவர் படம் எழுபது வருஷமாகச் சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. வேலைக்காரிகள் அவருடைய முதுகைத்தான் துடைக்கிறார்கள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் எனக்கும் டிக்பிக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஆட்டுக் கிட்னி வறுவலை அவன் தட்டில் நானே எடுத்து வைத்தேன். அவன் சுடுவதற்கு வரவில்லை, வேடிக்கை பார்க்க என் பக்கத்தில் நின்றான். நல்ல பனிமூட்டம். வரிசையில் நாங்கள்தான் கடைசி, மற்ற துப்பாக்கிக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. புதர் அசைந்தது, பழுப்பாக ஒன்று ஓடியது. முயல் என்று நினைத்துச் சுட்டேன்.

என் நாய் அதைத் தூக்கிவர மறுத்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தது. அதுவும் இந்த மாவட்டத்தில் பிறந்த நாய்தானே.

கேக்கை ஏன் தட்டில் திரும்ப வைத்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர்? பரவாயில்லை. எனக்கும் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

டிக்பிதான் அதை வாலைப் பிடித்துத் தூக்கினான்.

"என்ன மச்சான், உங்க ஊரு முயலுக்கு இம்மாம் பெரிய வாலா?"

"டிக்பி, மெதுவாப் பேசு. கீழ போடு அத."

"ஐயோ, உங்க மூஞ்சியப் பாக்கணுமே! ஒரு நரிதானே மச்சான். வாராவாரம் திங்கக்கெழம இதத்தான தொரத்தித் தொரத்திக் கொல்றீங்க? இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வேல முடிஞ்சுது, அவ்வளவுதான்."

இருபத்தாறு வருஷமாக நான் வேட்டைத் தலைவன். எனக்கு முன்னால் என் அப்பா, அவருக்கு முன்னால் அவர் அப்பா. என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இருவரும் சேர்ந்து நரியை இலைக் குவியலுக்குள் தள்ளினோம். வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மதியம் விருந்தாளிகள் முன்னால் சமையற்காரியைக் கூப்பிட்டு, "முயல் கறி ஏதாச்சும் இருக்கா? எங்க மச்சான் முயல் சுடுறதுல கெட்டிக்காரரு" என்றான். யாருக்கும் புரியவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை யாரோ ஒருவருடைய நாய் அந்த நரியை இழுத்து வந்து நடு வீதியில் போட்டுவிட்டது. சுடப்பட்ட நரி கிடைத்தால் இங்கே எல்லோரும் பார்ப்பது கோழிகளை வளர்க்கும் காவல்காரனைத்தான். நரி அவன் கோழியைத் தின்கிறது, அவனுக்குத்தானே ஆத்திரம் இருக்கும்? எங்கள் காவல்காரன் திரிப் என்னிடம் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். ஊரே அவனைப் பார்த்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தது மட்டும்தான் நான் செய்தது. அப்புறம் அவனை வேலையை விட்டு நீக்கினேன்.

"ஐயா, என் துப்பாக்கி அன்னைக்கு வீட்டு ஆணியிலதான் தொங்குச்சு. நீங்களே பாத்தீங்களே" என்றான்.

"பாத்தேன், திரிப்."

"அப்புறம் எதுக்குய்யா?"

"வேட்டைக் குழுவுக்கு நான் ஒரு பதில் சொல்லணும், திரிப். திங்கக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிடு. அவசரம் இல்ல, சாயங்காலத்துக்குள்ள போதும்."

போவதற்கு முன்னால் நரியைப் புதைக்கச் சொன்னேன். அவன் கையாலேயே புதைக்கச் சொன்னேன், இடம் வேறு யாருக்கும் தெரிய வேண்டாமே என்று. இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நடந்து வரும்போது டிக்பி என்னைத் தனியாகப் பிடித்தான். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காத டிக்பியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை, முகம் கொஞ்சம் என் மனைவி லெட்டிஸ் ஜாடையில் இருந்தது.

"கெழவன் வீட்டு வாசல்ல சாமான எல்லாம் எடுத்து வெச்சிருக்கான் மச்சான். அவன் பொண்டாட்டி கட்டில் மேலயே உக்காந்திருக்கா, வாசல்ல. நீங்க பாத்தீங்களா?"

"வருத்தமாத்தான் இருக்கு."

"வருத்தப்பட்டா ஆச்சா? நாளைக்கு வேட்ட முடிஞ்சு விருந்துக்கு எல்லாரும் வருவாங்கல்ல? எந்திரிச்சு நின்னு, நான்தான் சுட்டேன், முயல்னு நெனச்சேன்னு சொல்லிடுங்க. சிரிச்சிட்டு விட்டுடுவாங்க."

"சிரிக்க மாட்டாங்க, டிக்பி."

"அப்ப நான் சொல்றேன். எனக்கு நல்லா சொல்ல வரும். வேணும்னா குறி தவறாத கைன்னு உங்களப் பெருமையாவே சொல்றேன்."

அவன் மேல் எனக்கு உயிர். இப்போதும் மேசையில் அவன் இடத்துக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்கிறேன். ஆனால் அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். விருந்து திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு. அதற்குள் எனக்கு இருந்தது ஒரு பகல்.

திங்கட்கிழமை புல்வெளியில் கூட்டம் கூடியது. சிவப்புக் கோட்டுகள், குதிரைகள், வெள்ளித்தட்டில் ஒயினும் பிளம் கேக்கும். டிக்பி பெண்களிடமெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் சாம்பல் நிறக் குதிரை மார்ஜோரத்தை அவனுக்குக் கொடுத்திருந்தேன். பதினோரு மணிக்கு நரி கிளம்பியது. நாய்கள் வாடை பிடித்து மேற்கு மேட்டுப் பக்கம் ஓடின.

அந்த மேட்டில் ஒரு வேலி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டிய பள்ளம், முப்பதடி ஆழம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. வெளியூர்க்காரர்கள் வந்தால் முன்கூட்டியே எச்சரிப்பது வேட்டைத் தலைவனின் கடமை. இருபத்தாறு வருஷத்தில் ஒருவரையும் எச்சரிக்க நான் மறந்ததில்லை. டிக்பியையும் மறக்கவில்லை. அவனாகவே என்னிடம் வந்து கேட்டான்.

"மச்சான், இந்த வேலியத் தாண்டலாமா?"

சாட்டையால் அந்தப் பக்கம் காட்டினேன். "தாராளமா. அந்தப் பக்கம் பூரா புல்லுதான், மெத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். நல்ல வளர்ப்பு. எனக்கு அப்போது குதிரையைப் பற்றித்தான் கவலை, நானே குட்டியிலிருந்து வளர்த்தது. நல்லவேளையாக மார்ஜோரம் வேலி வரை போய் நின்றுவிட்டது. டிக்பி நிற்கவில்லை.

நாய்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது வேட்டையை நிறுத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. நாற்பது நிமிடத்தில் நரியைப் பிடித்தோம், முறையான சாவு. அதன் பிறகு பள்ளத்துக்கு ஆள் அனுப்பினேன். மாலை விருந்தை ரத்துசெய்தோம். வந்து துக்கம் விசாரித்தவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்த சாவு என்றார்கள். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறீர்கள். கேக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள், சந்தோஷம். டிக்பி விஷயத்தை நீங்கள் இப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இதோடு போயிருந்தால் உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாம் வானிலையைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

இன்று காலை வேட்டைக் குழுச் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. முப்பது வருஷமாக 'அன்புள்ள எவ்ரார்ட்' என்று எழுதுகிறவர், 'ஐயா' என்று தொடங்கியிருக்கிறார். திரிப் அந்த நரியைத் தோண்டி எடுத்து, சாக்கில் போட்டு, அவர் வீட்டுக் காலைச் சாப்பாட்டு மேசை மேல் கொண்டுபோய் வைத்துவிட்டான். அதன் உடம்பிலிருந்து எடுத்த துப்பாக்கி ரவைகளையும் ஒரு தேக்கரண்டியில் வைத்தானாம். இந்த மாவட்டத்தில் அவ்வளவு சிறிய ரவையை லண்டனிலிருந்து தருவிக்கிறவன் நான் ஒருவன்தான். எல்லோரும் அதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. நான் நரியைச் சுட்டேன் என்று முடிவானால் மூன்று தலைமுறையாக எங்களிடம் இருக்கும் ஊதுகொம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எனக்கு ஒரு வாய் சோறு கிடைக்காது, எந்த வாசலிலும் தலை காட்ட முடியாது.

லெட்டிஸ் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துக் கடிதத்தைப் படித்துவிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை என்று முழுக் கதையையும் சொன்னேன்.

"டிக்பி விஷயம் எனக்கு அன்னைக்கே தோணிச்சுங்க. அந்த வேலியப் பத்தி நீங்க சொல்லாம இருந்திருக்க மாட்டீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. பாவம், ஒரே தம்பி. "அதையாவது எப்படியாச்சும் தாங்கிக்கலாம். ஆனா நரியா? நம்ம வீட்டுலயா?"

மணியடித்துப் பெட்டியைக் கட்டச் சொன்னாள். பத்து மணி வண்டியில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். முயல் என்று நினைத்தேன் என்று குழுவிடம் சொல்ல முடியாது. நரியைச் சுட்டு மாட்டிக்கொண்ட எல்லோரும் சொல்வது அதைத்தான், தலைவன் என்ற முறையில் நானே அதை ஏழு பேர் வாயால் கேட்டிருக்கிறேன், ஒருவரையும் நம்பியதில்லை. நான் குறிவைத்தது வேறு ஏதோ ஒன்றுக்கு என்று அவர்கள் சந்தேகமில்லாமல் நம்ப வேண்டும். அன்று அந்தப் பனியில் என் பக்கத்தில் இருந்தது டிக்பி ஒருவன்தான். மைத்துனனைச் சுட நினைத்தேன் என்று வெறுமனே சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள். நான்கு நாள் கழித்து அவனை நான் கொன்றும் இருக்கிறேன் என்றால் என்ன சொல்வார்கள்? அந்த வகையில் எனக்கு அதிர்ஷ்டம்தான்.

தூக்குத்தண்டனை கிடைக்கும் என்கிறீர்கள். கிடைக்கட்டும். தூக்கில் போட்டால் மாவட்டமே சிவப்புக் கோட்டோடு வந்து நிற்கும். உங்களைப் போல நானும் இங்கே பிறந்தவன்தான், இன்ஸ்பெக்டர், எனக்குத் தெரியும்.

அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி வேண்டும், குழுவுக்குப் போகிற பிரதி முதலில் போகட்டும், நீதிபதிக்கு அவசரமில்லை. எழுதுங்கள்.

'ஆஷ்ஹோல்ட் மாளிகை எவ்ரார்ட் பென்டிலோ ஆகிய நான், சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் சொல்வது. வியாழக்கிழமை காலை என் மைத்துனன் டிக்பியைக் கொல்லும் எண்ணத்தோடு, அவன் நெஞ்சுக்குக் குறிவைத்துச் சுட்டேன். பனிமூட்டத்தில் குறி தவறிவிட்டது. திங்கட்கிழமை அந்தத் தவறைச் சரிசெய்தேன். அந்த நரிக்கு நான் மனதாலும் ஒரு தீங்கு நினைத்ததில்லை.'